ஊசி போட்ட பிறகு

தனியார் மருத்துவமனைகளின் பில் கவுன்ட்டரில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. அறை வாடகை, மருந்து, சர்ஜன் ஃபீஸ் என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வருபவர் ஓர் இடத்தில் நின்றுவிடுவார். "இது என்னங்க, மயக்க டாக்டர் ஃபீஸ்னு போட்டிருக்கு? ஒரு ஊசி போட்டதுக்கா இவ்வளவு?" கவுன்ட்டரில் இருக்கும் பெண் பாவம், என்ன சொல்வார்? "அது தனி சார்" என்று முடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்.

கேட்டவர் மேலும் தப்பில்லை. ஆபரேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் முகமூடி போட்ட ஒருவர் வந்தார், பெயரைக் கேட்டார், டிரிப்ஸ் குழாயில் எதையோ செலுத்தினார். அடுத்து நினைவு வந்தபோது பக்கத்தில் மனைவி நின்றிருந்தார். நடுவில் போன இரண்டு மணி நேரம் நோயாளியின் கணக்கிலேயே இல்லை. வெளியே காத்திருந்தவர்களிடம் வந்து பேசியவரும் சர்ஜன்தான். ஆக, மயக்க டாக்டர் வேலை செய்துகொண்டிருந்த நேரம் முழுக்க அவரைப் பார்த்தவர்கள் தியேட்டருக்குள் இருந்த நாலைந்து பேர் மட்டுமே.

பல நாடுகளில் நோயாளிகளிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளும் இதையே காட்டுகின்றன. மயக்கம் கொடுப்பவர் ஒரு டாக்டர் என்பதே கணிசமானோருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் பலர், ஊசியைப் போட்டுவிட்டு அவர் கிளம்பிவிடுவார் என்றே நினைக்கிறார்கள். நம் ஊரில் இந்தத் துறைக்கு வருகிறவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மூன்று ஆண்டு எம்.டி. அல்லது இரண்டு ஆண்டு டிப்ளமோ படித்திருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். ஹெர்னியா, பித்தப்பைக் கல், மூட்டு மாற்று என்று மற்றதையும் சேர்த்தால் மயக்க டாக்டரின் கை படாத குடும்பம் அரிது. பிரசவம் பார்த்த டாக்டரம்மாவின் பெயரைப் பேரப்பிள்ளை கல்யாணம் வரைக்கும் நினைவில் வைத்திருக்கும் பாட்டிகள் உண்டு. அன்று முதுகில் ஊசி போட்டவரின் பெயர் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சினிமா தன் பங்குக்கு இன்னொரு விதமாகக் குழப்பியிருக்கிறது. கைக்குட்டையில் நாலு சொட்டு குளோரோஃபார்ம், கதாநாயகியின் மூக்கில் ஓர் அழுத்து, மூன்றாவது நொடியில் அவர் வில்லனின் தோளில். நிஜத்தில் குளோரோஃபார்மை முகர்ந்து ஒருவர் நினைவிழக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் திமிறுவார், கைகாலை உதறுவார், இருமுவார். நினைவு போன பிறகு நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்ளலாம். தாடையைத் தூக்கிப் பிடிக்க ஆளில்லாவிட்டால், கார் டிக்கியில் வில்லன் ஏற்றிக்கொண்டு போவது பிணமாகத்தான் இருக்கும்.

இது 1848-லேயே தெரிந்துபோன விஷயம். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்து ஒரு நோயாளியை மயக்கிக் காட்ட, சர்ஜன் ஜான் வாரன் அவர் கழுத்துக் கட்டியை வலியில்லாமல் அறுத்தார். உலகமே கொண்டாடிய அந்த நாள்தான் இன்றைக்கு உலக மயக்கவியல் நாள். அடுத்த மார்ச்சில் கல்கத்தாவில் ஈதர் வந்திறங்கியாயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் எடின்பரோவின் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். அது வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இங்கிலாந்தின் நியூகாசல் அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் முகர்ந்தார். சில நிமிடங்களில் இறந்துபோனார். நகம் எடுக்கப் போன பெண் ஏன் செத்தாள் என்ற கேள்விதான் இந்தத் துறையை உண்டாக்கியது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தக் கேள்விக்கு விடை தேடிய இடங்களில் ஒன்று ஹைதராபாத். அங்கிருந்த சர்ஜன் எட்வர்ட் லாரி, நிஜாமின் பணத்தில் 1888-லும் 1889-லும் இரண்டு குளோரோஃபார்ம் கமிஷன்களை நடத்தினார். நூற்றுக்கணக்கான விலங்குகளின் மீது சோதனை. குளோரோஃபார்மில் முதலில் நிற்பது மூச்சுதான், இதயம் அல்ல, ஆகவே மூச்சைக் கவனித்தால் போதும் என்று அவர் அடித்துச் சொன்னார். இதயமும் நேரடியாக நின்றுபோகக்கூடும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியதால் அவர் கட்சி தோற்றது. ஆனால் மயங்கியவரின் மூச்சிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்ற பிடிவாதம் நிலைத்தது. அதே ஹைதராபாத்தில் அக்காலத்தில் குளோரோஃபார்ம் கொடுத்துவந்த ரூபாபாய் ஃபர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவராகக் கருதப்படுகிறார். நம்மில் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

மயங்க வைப்பது எளிது, மயங்கியவரை உயிரோடு வைத்திருப்பதுதான் கடினம் என்பதற்கு அண்மைக் காலத்திலும் கொடிய சான்றுகள் உண்டு. 2002 அக்டோபரில் மாஸ்கோவின் டுப்ரோவ்கா நாடக அரங்கில் எண்ணூறுக்கும் மேற்பட்டோரைத் தீவிரவாதிகள் பிணைக்கைதிகளாகப் பிடித்தார்கள். ரஷ்யப் படைகள் காற்றோட்டக் குழாய்கள் வழியாக ஃபென்டனில் வகை மயக்க வாயுவைச் செலுத்தின. எல்லோரும் மயங்கினார்கள்; அந்த வகையில் திட்டம் வெற்றி. பிறகு அவர்களைத் தூக்கி வந்து மல்லாக்கப் படுக்க வைத்தார்கள், பேருந்துகளில் ஏற்றினார்கள். ஒவ்வொருவருக்கும் தாடையைத் தூக்கி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்க ஆளில்லை. சுமார் 130 பிணைக்கைதிகள் இறந்தார்கள், ஏறக்குறைய அனைவரும் அந்த வாயுவின் விளைவாக. 2009-ல் மைக்கேல் ஜாக்சன் இறந்ததும் மயக்க மருந்தால்தான். ஆபரேஷன் தியேட்டர்களில் தினமும் பயன்படும் புரோபோஃபால் என்ற மருந்தை, தூக்கத்துக்காக, வீட்டுப் படுக்கையறையில் அவருக்குக் கொடுத்தவர் ஓர் இதய மருத்துவர். பக்கத்தில் போதிய மானிட்டர் இல்லை. இடைவிடாமல் கவனிக்க ஆளும் இல்லை. அந்த மருத்துவருக்கு 2011-ல் சிறைத் தண்டனை கிடைத்தது.

அதே புரோபோஃபால் இன்று காலை தமிழ்நாட்டின் ஏதோ ஒரு தாலுகா மருத்துவமனையில் ஒருவருக்குப் போடப்பட்டிருக்கும். அவர் மாலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் மயக்க டாக்டர்.

பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம். மேஜையில் படுத்தவுடன் முகத்தில் ஒரு மாஸ்க் வைத்து, "நல்லா மூச்சை இழுத்து விடுங்க" என்பார்கள். பலரும் மயக்கமே அதில்தான் வருகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அதில் வருவது வெறும் ஆக்ஸிஜன். சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தவருக்கு மூச்சு நின்றால் ஒன்றிரண்டு நிமிடங்களில் ரத்தத்தில் ஆக்ஸிஜன் சரியத் தொடங்கிவிடும். மூன்று நிமிடம் ஆக்ஸிஜனை நிரப்பிக்கொண்ட ஆரோக்கியமானவர் ஏழெட்டு நிமிடம் வரை தாங்குவார். இனி நடக்கப்போகும் காரியத்துக்கு அந்த அவகாசம் வேண்டும்.

வலியை மட்டுப்படுத்த முதலில் ஒரு மருந்து. பிறகு பால் போல வெள்ளையாக இருக்கும் புரோபோஃபால். ஏறும்போது கை கொஞ்சம் எரியும். அரை நிமிடத்துக்குள் பேச்சு நின்றுபோகும். மயக்க டாக்டர் விரலால் கண் இமை மயிரைத் தொட்டுப் பார்ப்பார். இமை சிலிர்க்காவிட்டால் ஆள் உள்ளே போய்விட்டார் என்று பொருள். அடுத்தது தசைகளைத் தளர்த்தும் மருந்து. அது ஏறியபின் உடம்பில் நாமாக அசைக்கும் தசை எதுவும் கிட்டத்தட்ட அசையாது, மூச்சுக்கான தசைகள் உட்பட. இப்போதுதான் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு வெளிச்சத்தில் தொண்டைக்குள் பார்த்து, குரல்நாண்களின் இரண்டு வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவே மூச்சுக்குழலில் டியூபைச் செருகுவார். டியூப் போன இடம் மூச்சுக்குழலா, பின்னாலேயே இருக்கும் உணவுக்குழலா? வெளியேறும் கார்பன் டை ஆக்ஸைடு மானிட்டரில் அலை அலையாக வரைந்து காட்டினால்தான் அவருக்கு நிம்மதி.

பிறகு இரண்டு கண்களையும் மூடி டேப் ஒட்டுவார். இமைக்காத கண் வறண்டு புண்ணாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இது சின்ன விஷயம். ஆனால் அந்த உடம்பு இப்போது இமைக்காது, இருமாது, குளிர்ந்தால் நடுங்காது, கை மடங்கி நரம்பு நசுங்கினாலும் இழுத்துக்கொள்ளாது. அத்தனையையும் அதற்குப் பதிலாக வேறொருவர் கவனிக்க வேண்டும்.

சர்ஜன் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை ஏற்றி ஊத வைக்கிறார். சிலருக்கு அந்தக் கணத்தில் நாடித்துடிப்பு 80-லிருந்து 30-க்கு விழும். விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் 'பீப்' சத்தம் திடீரென்று இடைவெளி விட்டுக் கேட்கிறது. ஆக்ஸிஜன் குறைந்தால் அதே சத்தத்தின் சுருதி இறங்கும். அதனால் அனுபவப்பட்ட மயக்க டாக்டர் திரையைப் பார்ப்பதற்கு முன்பே காதால் கண்டுபிடித்துவிடுவார். "கேஸை எடுங்க" என்று சர்ஜனிடம் சொல்லிக்கொண்டே கை, துடிப்பை ஏற்றும் அட்ரோபின் சிரிஞ்சைத் தேடும். முப்பது நொடியில் சத்தம் பழையபடி ஓடும். ஆபரேஷன் தொடரும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

முடிந்ததும் எழுப்புவது அடுத்த கட்டம். தசைத் தளர்வை முறிக்கும் மருந்து கொடுத்து, "கண்ணத் தொறங்க… நாக்க நீட்டுங்க… தலையத் தூக்குங்க" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நோயாளி எல்லாவற்றையும் செய்துகாட்டுவார். அரை மணி கழித்துக் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது.

டியூப் போடும் அந்த ஓரிரு நிமிடம்தான் இந்தத் துறையின் கண்டம். 2005-ல் இங்கிலாந்தில் மார்ட்டின் புரோமிலி என்ற விமானியின் மனைவி சைனஸ் ஆபரேஷனுக்காகப் போனார். வயது 37, இரண்டு குழந்தைகளின் தாய், வேறு நோய் கிடையாது. மயக்கம் கொடுத்தபின் அவருடைய மூச்சுப் பாதையைப் பிடிக்க முடியவில்லை. அனுபவமிக்க மூன்று டாக்டர்கள் சுற்றி நின்று டியூபைச் செருகத் திரும்பத் திரும்ப முயன்றார்கள். நேரம் ஓடுவது அவர்கள் நினைவில் இல்லை. தொண்டையைத் துளைத்து வழி உண்டாக்குவதற்கான கருவிகளை ஒரு நர்ஸ் எடுத்து வந்து சொல்லியும் அது காதில் ஏறவில்லை. மூளை பாதிக்கப்பட்டு 13 நாள் கழித்து அந்தப் பெண் இறந்தார்.

விமானம் விழுந்தால் விசாரணை நடக்கும். இங்கே ஏன் இல்லை என்று புரோமிலி கேட்டார். யாரையும் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் நிற்கவில்லை. நல்ல டாக்டர்கள் அன்று ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள விரும்பினார். அவர் தொடங்கிய அமைப்பும் அந்தச் சம்பவமும் இன்று உலகெங்கும் மயக்கவியல் மாணவர்களுக்குப் பாடம். அவசரத்தில் ஜூனியர் நர்ஸும் உரக்கச் சொல்லலாம், சொன்னால் சீனியர் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். மூப்புக்கு மரியாதை மிகுந்த நம் மருத்துவமனைகளில் இது எவ்வளவு தூரம் நடக்கிறது என்பது தனியாகப் பேச வேண்டியது.

ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர் கேட்கும் விசித்திரமான கேள்விகளுக்கெல்லாம் காரணம் இங்கேதான் இருக்கிறது. "வாயைப் பெரிசாத் தொறந்து நாக்க நீட்டுங்க" என்பது மல்லம்பாட்டி சோதனை. ஆந்திராவில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பாட்டி 1985-ல் வெளியிட்ட முறை அது. உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து டியூப் போடுவது சுலபமா கஷ்டமா என்று கணிக்கலாம். குறட்டை விடுவீர்களா, ஆடுகிற பல் இருக்கிறதா, பல் செட் உண்டா, கழுத்தை அண்ணாந்து காட்டுங்கள் என்பதெல்லாம் இதன் தொடர்ச்சி. நெயில் பாலிஷை அழிக்கச் சொல்வது பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்காக.

எல்லாவற்றையும்விட அதிகமாகப் பொய் சொல்லப்படும் கேள்வி, "எப்ப சாப்ட்டீங்க?" என்பது. "ஒண்ணும் சாப்பிடலீங்க, டீ மட்டும்தான்" என்று ஒருவர் சொன்னால் அதில் இரண்டு பன் ஒளிந்திருக்கும் என்று இந்தத் துறைக்காரர்கள் சிரிப்பார்கள். பசியோடு ஆபரேஷன் தாங்குவானா பிள்ளை என்று பால் கொடுத்துவிட்டு மறைக்கும் அம்மாக்களும் உண்டு. நியூயார்க்கின் கர்ட்டிஸ் மெண்டல்சன் 1946-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்: 44,016 பிரசவங்களில் 66 பெண்களுக்கு மயக்கத்தின்போது வயிற்றில் இருந்தது மேலேறி நுரையீரலுக்குள் போயிருந்தது. விழித்திருக்கும் ஒருவருக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுவார். மயங்கியவரால் அது முடியாது. இரைப்பை அமிலம் நுரையீரலை வேகவைத்துவிடும்.

அதற்காக ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்பதும் பழைய பஞ்சாங்கம். இன்றைய விதி: லேசான உணவுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு, தண்ணீருக்கும் பால் சேர்க்காத டீக்கும் இரண்டு. எண்ணெய்ப் பலகாரமோ பிரியாணியோ என்றால் இன்னும் கூடுதல் நேரம். மத்தியான ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் வயதானவரை விடியற்காலையிலிருந்து நாக்கு வறள வைப்பதால் லாபம் எதுவுமில்லை. எடை குறைக்கவும் சர்க்கரைக்கும் இப்போது பரவலாகப் போடப்படும் செமாக்ளூடைட் வகை ஊசிகள் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால், 2023-ல் அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் அதுபற்றித் தனி எச்சரிக்கையே விட்டது. அந்த ஊசி போட்டுக்கொள்பவர் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

சிசேரியனுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தருவதில்லை; முதுகில் ஊசிதான். "அந்த ஊசி போட்டதுலேர்ந்து முதுகு வலி போகவே இல்லை" என்ற புலம்பல் இல்லாத தெரு தமிழ்நாட்டில் இல்லை. ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கும், உண்மை. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பை ஆய்வுகள் காட்டவில்லை. பத்து மாதம் சுமந்த பாரம், கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டு நார்கள், குனிந்து குனிந்து பாலூட்டுவது, தூக்கமின்மை என்று காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. சுகப்பிரசவமான பெண்களுக்கும் அதே முதுகுவலி வருகிறதே! ஊசி தண்டுவடத்தைக் குத்திவிடும் என்ற பயமும் வேண்டாம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே, நீர் நிரம்பிய பையில். செலுத்துவது இரண்டு மில்லி அளவு மருந்துதான்.

ஆனால் ஒரு தொல்லை நிஜம்: தலைவலி. ஜெர்மனியின் ஆகஸ்ட் பியர் 1898-ல் இந்த முறையை நோயாளிகளுக்குச் செய்தபின், அவரும் அவருடைய உதவியாளர் ஹில்டபிராண்டும் ஒருவருக்கொருவர் ஊசி போட்டுச் சோதித்துக்கொண்டார்கள். பியருக்குப் போட்டபோது சிரிஞ்ச் ஊசியோடு பொருந்தாமல் தண்டுவட நீர்தான் வீணாக ஒழுகியது. ஹில்டபிராண்டுக்குச் சரியாகப் பிடித்தது. பியர் அவர் காலைக் கிள்ளினார், சுருட்டு நெருப்பால் சுட்டார், முழங்காலுக்குக் கீழே எலும்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தார். ஹில்டபிராண்டுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரவு இருவரும் ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாடினார்கள். மறுநாள் முதல் பியருக்கு எழுந்து உட்கார முடியாத தலைவலி, படுத்தால் மட்டும் குறையும். ஒன்பது நாள் நீடித்தது. ஹில்டபிராண்டின் கால்கள் நீலம் பாரித்திருந்தன. நீர் ஒழுகுவதே அந்தத் தலைவலிக்குக் காரணம். மெல்லிய, பென்சில் முனை போன்ற ஊசிகள் வந்தபின் அது வெகுவாகக் குறைந்துவிட்டது.

சிசேரியன் மேஜையில் மயக்க டாக்டர் உட்காருவது தாயின் தலைமாட்டில். ஊசி போட்ட சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் இறங்கும். "டாக்டர், குமட்டுது" என்று அந்தப் பெண் சொல்வது பெரும்பாலும் அதனால்தான். மருந்து கொடுத்து அழுத்தத்தை ஏற்றுவார். "இழுக்கிற மாதிரி இருக்கும், வலிக்காதும்மா" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பார். குழந்தையின் அழுகை கேட்கும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பவர் அவர்தான்.

பாதி ஆபரேஷனில் விழிப்பு வந்துவிட்டால்? நேரில் கேட்கப் பலர் தயங்கும் பயம் இது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014-ல் வெளியான மிகப் பெரிய ஆய்வு, சுமார் 19,000 முழு மயக்கங்களுக்கு ஒருவர் அப்படி நினைவு வந்ததாகச் சொன்னதைக் கண்டறிந்தது. பலருக்கு அது தொடக்கத்திலோ முடிவிலோ சில நிமிடங்கள் மட்டுமே. தசைத் தளர்த்தி மருந்து கொடுக்கப்பட்டவர்களிடம் இது அதிகம், முழு மயக்கத்தில் நடக்கும் சிசேரியனில் இன்னும் அதிகம். அபூர்வம்தான், ஆனாலும் அப்படி நேர்ந்தவர் சொன்னால் "கனவு கண்டிருப்பே" என்று தட்டிக்கழிப்பது பெரிய தவறு என்பதையும் அந்த ஆய்வு அழுத்திச் சொன்னது.

தியேட்டருக்கு வெளியேயும் இவர்களின் கைவண்ணம் இருக்கிறது. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ தாக்கி மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் வீதம் இறந்துகொண்டிருந்தார்கள். மயக்க மருத்துவர் பியோன் இப்சன், தியேட்டரில் தினமும் செய்கிற வேலையை அங்கே செய்தார்: ஒரு 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளினார். சிறுமி பிழைத்தாள். எந்திரங்கள் போதாததால் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் மாதக்கணக்கில் முறை வைத்து இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். சாவு நான்கில் ஒன்றாக இறங்கியது. ஐ.சி.யூ. பிறந்த கதை இது. பிறந்தவுடன் குழந்தையின் நிலையை மதிப்பிட்டு டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதும் ஆப்கார் மதிப்பெண்ணும் நியூயார்க்கின் மயக்க மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார் தந்ததே. கொரோனாவில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் அடிப்படைத் தத்துவத்தை 1974-ல் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி. உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில்தான் அவர் இறந்தார்.

அந்தக் கருவியும் மற்ற மானிட்டர்களும் வந்தபின் நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் 10,000 பேருக்கு இரண்டு மயக்கச் சாவு என்றிருந்தது, இரண்டு மூன்று லட்சத்துக்கு ஒன்றாகக் குறைந்திருப்பதாக 1999-ல் அமெரிக்க அறிக்கை ஒன்று மதிப்பிட்டது. மருத்துவத்தின் வேறு எந்தப் பிரிவும் இவ்வளவு வேகமாகத் தன்னைத் திருத்திக்கொண்டதா என்பது சந்தேகமே. மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்ஸைடின் சிலிண்டரை ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் மாட்டவே முடியாதபடி துளைகளின் இடத்தை மாற்றி வைத்ததெல்லாம் அந்தத் திருத்தத்தில் சேரும். அப்படியும் கண்ணைக் கட்டிக்கொண்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. 2011-ல் கன்னியாகுமரி மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு வந்த பெண்ணுக்கு ஆக்ஸிஜனுக்குப் பதில் நைட்ரஸ் ஆக்ஸைடு போனது. அவர் மீளவில்லை. பின்னர் உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு இழப்பீடு தர உத்தரவிட்டது.

ஆட்பற்றாக்குறையும் சேர்ந்துகொள்கிறது. எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு 18 வாரப் பயிற்சி கொடுத்து அவசரப் பிரசவங்களுக்கு மயக்கம் கொடுக்கச் செய்யும் திட்டத்தைத் தேசிய ஊரக சுகாதாரத் திட்டம் கொண்டுவந்தது இந்தப் பற்றாக்குறையால்தான். சிறு நகரங்களில் ஒரே மயக்க டாக்டர் காலையில் ஒரு நர்சிங் ஹோம், பத்து மணிக்கு இன்னொன்று, மத்தியானம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறொன்று என்று பையோடு ஓடிக்கொண்டிருப்பார். நோயாளியை அவர் முதன்முதலில் பார்ப்பதே மேஜையில். இவரை யாருக்கும் தெரியவில்லை என்ற குறைக்கு மக்கள் மட்டும் பொறுப்பில்லை. முதல் நாளே வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசாத வழக்கமும் பொறுப்பு. பெரிய மருத்துவமனைகளில் இப்போது மயக்க மருத்துவருக்கென்று தனி ஓ.பி. நடக்கிறது. நோயாளிகள் அதை "ஃபிட்னஸ் கையெழுத்து வாங்குவது" என்று நினைத்து, வரிசை நீளமாக இருந்தால் சலித்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கையெழுத்துக்கு முன் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, "வீட்டுல யாருக்காவது ஆபரேஷன்ல பிரச்சினை ஆச்சா?" என்பது. தென்னிந்தியாவில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. ஸ்கோலின் என்ற தசைத் தளர்த்தி சாதாரணமாக ஐந்து பத்து நிமிடங்களில் தீர்ந்துவிடும். ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். பிறவியிலேயே அந்த நொதி இல்லாதவர்களுக்கு ஒரே ஊசி பல மணி நேரம் நீடிக்கும். அதுவரை வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் தானாகவே சரியாகிவிடும். ஆனால் காத்திருக்க வேண்டும் என்று டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பியர்களில் லட்சத்தில் ஒருவருக்கு இருக்கும் இந்தக் குறை ஆரிய வைசிய சமூகத்தில் 24 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அன்றாட வாழ்க்கையில் இதனால் எந்தத் தொந்தரவும் கிடையாது. அறுபது வயது வரை தெரியாமலே இருக்கலாம்.

அண்ணனுக்கு இது இருந்தால் தம்பிக்கும் தங்கைக்கும் இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆனால் அண்ணனுக்கு என்ன ஆனது என்று வீட்டில் கேட்டால், "ஆபரேஷன் முடிஞ்சும் ரொம்ப நேரம் கண்ணு முழிக்கல, அப்புறம் சரியாயிடுச்சு" என்பதற்கு மேல் எந்த விவரமும் இருக்காது. மயக்கத்தில் வழக்கத்துக்கு மாறாக எது நடந்திருந்தாலும், எந்த மருந்து, என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதித் தரும்படி மயக்க டாக்டரிடமே கேட்கலாம், தருவார்கள். பழைய எக்ஸ்ரேயோடு அதையும் ஃபைலில் போட்டுவைத்து, அடுத்த ஆபரேஷனுக்குப் போகும்போது சர்ஜனிடம் காட்டுவதோடு நிற்காமல் மயக்க டாக்டர் கையிலும் கொடுக்க வேண்டும்.